இனிப்புச் சோளனில் புழு: எப்போது பார்ப்பது, எப்போது அடிப்பது

கந்தளாய்ப் பக்கம் வீதியோரத்தில் அவித்த சோளன் வாங்க நிற்பவர், தோலை உரித்ததும் நுனியில் ஒரு புழு நெளிவதைக் கண்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கோழித் தீவனத்துக்கு விதைத்த சோளனில் அதே புழு நாலு மணியைத் தின்றாலும் யாரும் கவனிப்பதில்லை. தீவனச் சோளனுக்குச் சொல்லப்பட்ட முறையை அப்படியே இனிப்புச் சோளனுக்குக் கொண்டுவந்தால் கணக்குப் பிழைப்பது இதனால்தான். இங்கே செடி பிழைத்தால் மட்டும் போதாது, கதிரும் சுத்தமாக வரவேண்டும். கதிருக்குள் போன புழுவை எந்த மருந்தும் எட்டாது. குருத்துக்குள் ஆழப்போன பெரிய புழுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே புழு குருத்துக்குள் இறங்குமுன் ஒரு தரம், கதிர் நுனியில் தொங்கும் பட்டுநூல் வழியாகக் கதிருக்குள் நுழையுமுன் ஒரு தரம் என்று இரண்டு இடத்தில்தான் மறிக்க முடியும்.

திருகோணமலை வெயிலில் பெரும்பாலான இனிப்புச் சோளன் வர்க்கங்கள் விதைத்து 45 நாள் அளவில் ஆண் பூவைத் தள்ளும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பட்டுநூல் வரும். பட்டு வந்து 18 முதல் 22 நாளில் அறுவடை. வர்க்கத்தைப் பொறுத்து சில நாள் முன்பின்னாகும். விதைத்த திகதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கீழே வரும் வேலைகள் எல்லாம் அந்தத் திகதியிலிருந்து எண்ணியே நடக்கும்.

முதல் எதிரி: படைப்புழு

அமெரிக்கக் கண்டத்துப் புழு இது. 2018-இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பெரும்போகத்திலேயே அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் பக்கச் சோளனை அழித்தது. சிங்களத்தில் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு நம்மிலும் பலர் ‘சேனா’ என்றே சொல்கிறார்கள்.

அடையாளம் காண்பது கடினமில்லை. வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான ‘Y’ வடிவில் வெளிர் கோடு இருக்கும். வால் பக்கத்துக்குச் சற்று முன்னால், முதுகில் நாலு கறுப்புப் புள்ளி சதுரமாக நிற்கும். இந்த இரண்டும் இருந்தால் சந்தேகம் வேண்டாம். ஆனால் இவை தெளிவாகத் தெரியும் பருவத்தில் புழு பெரிதாகி, மருந்துக்கு அடங்காத நிலைக்கு வந்திருக்கும். எனவே புழுவைத் தேடுவதைவிட அது விட்ட தடயத்தைத் தேடப் பழகுங்கள்.

தாய் அந்து இரவில் வந்து 100 முதல் 200 வரை முட்டைகளை ஒரே குவியலாக, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இட்டு, மேலே பஞ்சு போல மயிரால் மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். குஞ்சுப் புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்பதால், மெல்லிய கடதாசி ஒட்டினது போல வெள்ளைத் திட்டுக்கள் தெரியும். அதுதான் உங்கள் நேரம். நூலில் தொங்கிக் காற்றில் பக்கத்துச் செடிகளுக்குப் பரவுவதும் அப்போதுதான். அதற்குப் பிறகு இலையில் கிழிசலான ஓட்டைகள் வரும், குருத்துக்குள் ஈர மரத்தூள் போல எச்சம் நிறையும். அந்த எச்சமே மேலே ஒரு மூடி போல அடைத்துக்கொண்டு மருந்தை உள்ளே விடாது. பெரிய புழுக்கள் ஒன்றையொன்று தின்பவை. ஒரு குருத்தில் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும், அந்த ஒன்றே போதும்.

புழுப் பருவம் இரண்டு முதல் மூன்று கிழமை. பிறகு மண்ணில் 2 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். நம் சூட்டில் முட்டையிலிருந்து அந்து வரை சுமார் 30 நாள். அதாவது ஒரு சோளன் பயிரின் காலத்துக்குள் இரண்டு தலைமுறை வந்துவிடும்.

தோட்டத்தைப் பார்க்கும் முறை

முளைத்து ஒரு கிழமையிலிருந்து ஆண் பூ தள்ளும் வரை கிழமைக்கு இரண்டு தரம் இறங்குங்கள். ஓரத்து இரண்டு மூன்று வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய், வளைந்து வளைந்து நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அடுத்தடுத்து 20 செடி. மொத்தம் நூறு என்பதால் வந்த எண்ணே வீதம். வேறு கணக்குத் தேவையில்லை.

எண்ணும்போது பெரும்பாலோர் விடும் பிழை ஒன்று உண்டு. பழைய இலையில் உள்ள ஓட்டை ஆறாது, அது அறுவடை வரை அப்படியே நிற்கும். அதைப் பார்த்துப் பதறி, புழு ஏற்கெனவே செத்த தோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப மருந்தடிப்பவர்கள் நிறைய. குருத்திலிருந்து கடைசியாக விரிந்த இரண்டு மூன்று இலைகளை மட்டும் பாருங்கள். அவற்றில் புதிய சுரண்டலோ ஈரமான எச்சமோ இருந்தால்தான் அந்தச் செடி கணக்கில் சேரும்.

தீவனச் சோளனுக்கு இளம் பயிரில் நூற்றுக்கு 20, வளர்ந்த பயிரில் 40 என்று பொதுவாகச் சொல்வார்கள். இனிப்புச் சோளனுக்கு அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மூன்று கிழமை நூற்றுக்கு 10, அதன் பிறகு 20. அதற்குக் கீழே என்றால் மருந்து வேண்டாம். இலை கிழிந்த பயிர் பார்வைக்கு அலங்கோலமாக இருந்தாலும், நீரும் யூரியாவும் நேரத்துக்குக் கிடைத்தால் நன்றாகத் தேறிவரும்.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு இரண்டு போதும். அதில் விழுவது ஆண் அந்து மட்டுந்தான். அந்து வரத் தொடங்கிவிட்டது என்ற சேதியைப் பொறி சொல்லும், தோட்டத்தைக் காப்பாற்றாது. கூடுதலாகப் பத்துப் பொறி வாங்கும் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

சிறிய தோட்டத்தில் மருந்தே தேவையில்லை

10 பேர்ச்சஸ் காணியில் 60 சென்ரிமீற்றர் வரிசை, 30 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால் சுமார் 1,400 செடி. ஏக்கருக்கு 22,500. முந்தையதைக் கையால் பார்க்கலாம், பிந்தையதை முடியாது. வீட்டுத் தோட்டக்காரர் காலையில் வரிசையாக நடந்து முட்டைக் குவியலை விரலால் நசுக்கினாலே பாதி வேலை முடிந்தது. ஒரு குவியல் நசுங்கினால் நூறு புழு குறைகிறது. குருத்துக்குள் எச்சம் தெரிந்தால் ஈர்க்கு ஒன்றால் கிளறிப் புழுவை வெளியே எடுத்துவிடலாம். சில முட்டைக் குவியல் கறுத்துப்போயிருந்தால் அதைத் தொடாதீர்கள். சிறு குளவி உள்ளே முட்டையிட்டிருக்க இடமுண்டு, அதிலிருந்து வெளிவரும் குளவிகள் உங்களுக்காக வேலை செய்யும்.

குருத்துக்குள் மணல் போடுவதும் பலன் தரும். ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து, விரல் நுனியால் எடுக்கும் அளவு ஒவ்வொரு குருத்திலும் தூவுங்கள். மணல் புழுவின் உடலை உராய்ந்து, சுவாசத் துளைகளை அடைக்கும். ஆற்று மணல்தான் வேண்டும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்தார் கைக்கெட்டின கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதன் உப்பு இளங்குருத்தைக் கருக்கும்.

வேப்பங்கொட்டைச் சாறு குஞ்சுப் புழுவுக்குத்தான். அது புழுவை உடனே கொல்லாது. தின்பதைக் குறைத்து, தோலுரிக்க விடாமல் செய்யும். அடித்த மறுநாள் புழு உயிரோடு நிற்பதைப் பார்த்துப் ‘பலனில்லை’ என்று விட்டுவிடக்கூடாது. 16 லீற்றர் தாங்கிக்கு 800 கிராம் உலர்ந்த வேப்பம் பருப்பு வேண்டும். ஓட்டை உடைத்து எடுத்த பருப்பின் நிறைதான் இது, முழுக் கொட்டையின் நிறை அல்ல. கரகரப்பாக இடித்து, துணியில் கட்டி, நாலைந்து லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் மாலை பிழிந்து, இரண்டு தரம் வடிகட்டி, 15 கிராம் சாதாரண சவர்க்காரத்தைக் கரைத்துச் சேர்த்து, தாங்கி அளவுக்கு நீர் விடுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் முனை அடைத்து அரை நாள் வீணாகும். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், வெயில் ஏறினால் சத்துப் போய்விடும். பருப்பை நிழலில் உலர்த்திக் காற்றோட்டமாக வைத்தால்தான் சில மாதம் தாங்கும், பூஞ்சணம் பிடித்ததைப் பாவிக்காதீர்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் காரத்தன்மையானது. அதில் வேம்பும் பசிலஸ் துரிஞ்சியன்சிஸ் நுண்ணுயிர் மருந்தும் இரண்டும் வலுவிழக்கும். மழைநீரோ குளத்து நீரோ கிடைத்தால் அதையே எடுங்கள்.

மருந்துக்குப் போவதென்றால்

படைப்புழுவுக்குப் பலன் தரும் மருந்துகளில் மூன்று வகை முக்கியம்: குளோரான்ரனிலிப்புறோல், ஸ்பினெற்றோரம், எமாமெக்ரின் பென்சோவேற். இவை மூன்றும் புழுவை வெவ்வேறு விதமாகத் தாக்குபவை. ஒரே வகையை மாதக் கணக்கில் அடித்தால் தப்பிப் பிழைத்த புழுக்களின் வாரிசுகள்தான் அடுத்த தோட்டத்துக்கு வரும். அதனால் ஒரு தலைமுறைக்கு, அதாவது முதல் 30 நாளுக்கு ஒரு வகை, அடுத்த 30 நாளுக்கு வேறொரு வகை என்று வையுங்கள். கடையில் வேறு பெயரில், வேறு நிறப் போத்தலில் விற்பதெல்லாம் வேறு மருந்து அல்ல. லேபலில் சின்ன எழுத்தில் உள்ள இரசாயனப் பெயரைப் பாருங்கள். எதற்கு இப்போது சிபாரிசு உண்டு என்பதை உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

அளவு லேபலில் உள்ளதுதான். அது 10 லீற்றருக்கு என்று எழுதியிருந்தால் 16 லீற்றர் தாங்கிக்கு 1.6 ஆல் பெருக்க வேண்டும். 10 லீற்றருக்கு 3 கிராம் என்றால் தாங்கிக்கு 4.8 கிராம். போத்தல் மூடியால் அளப்பதை விடுங்கள், மூடிக்கு மூடி அளவு மாறும். சந்தையில் கிடைக்கும் ஊசிக் குழாய் ஒன்றும் சிறிய தராசு ஒன்றும் ஒரு போகத்திலேயே தங்கள் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

எவ்வளவு கரைசல் தேவை என்பதை வெறும் தண்ணீரால் முதலில் சோதியுங்கள். 10 மீற்றருக்கு 10 மீற்றர் இடத்தை உங்கள் வழக்கமான நடையில் அடித்து, எத்தனை லீற்றர் குறைந்தது என்று பாருங்கள். நாலரை லீற்றர் போனால் ஏக்கருக்கு சுமார் 180 லீற்றர், பதினொரு தாங்கிக்குச் சற்று மேல். பயிர் முழங்கால் உயரம் தாண்டியதும் இதைத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

கூம்பு வடிவில் தெளிக்கும் முனையைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து, ஒவ்வொரு குருத்துக்குள்ளும் கரைசல் இறங்கும்படி அடியுங்கள். இலை மேல் பரவலாக வீசினால் காசுதான் மண்ணில் வடியும். புழு இரவில்தான் மேலே வரும், அதனால் மாலை ஐந்து மணிக்குப் பிந்தியது நல்லது. ஆனால் சிறுபோகத்தில் கச்சான் காற்று மாலை வரை அடங்காத நாட்கள் உண்டு. அப்போது விடியற்காலையில் அடிப்பதே நல்லது. காற்றில் பறந்த மருந்து புழுவுக்குப் போகாது, உங்கள் முகத்துக்குத்தான் வரும். கையுறை, முகமூடி, நீளக்கைச் சட்டை எல்லாம் கச்சானில் கட்டாயம்.

ஏன் செத்துப்போகவில்லை என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் புழு ஒன்றரை அங்குலம் ஆன பிறகு அடித்தவர்கள். அந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று மருந்தை ஒரே தாங்கியில் கலந்து ‘கடும் அடி’ அடிப்பது வழக்கமாகிவிட்டது. புழு குருத்தின் அடியில் எச்சத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கும். செத்துப்போவது பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டும் காதுப்பூச்சியும் சிலந்தியும். விலை மலிவான பைரித்ரொயிட் மருந்தை அடித்த தோட்டத்தில் பத்து நாள் கழித்து அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) பெருகுவதற்கும் இதுவே காரணம்.

பெரும்போகத்தில் இயற்கையும் கொஞ்சம் உதவும். கன மழை குஞ்சுப் புழுவைக் கழுவிவிடும், குருத்தில் தேங்கிய நீரில் மூழ்கடிக்கும். மழை தொடர்ந்தால் சில புழுக்கள் விறைத்து, மேலே பச்சைத் தூள் பூத்தது போல இலையில் ஒட்டிக் கிடக்கும். அது புழுவைப் பிடித்த பங்கசு. அந்தச் செடிகளை அப்படியே விடுங்கள், அந்தத் தூள் பறந்து மற்றப் புழுக்களுக்கும் நோயைக் கொண்டுபோகும்.

ஆண் பூ தள்ளும் நாள்

இந்த நாளைப் பலர் கவனிப்பதில்லை. குருத்துக்குள் ஒளிந்திருந்த புழுவை ஆண் பூ தன்னோடு சேர்த்து மேலே தள்ளிவிடும். இருப்பிடம் போன புழு இரண்டு மூன்று நாளில் கீழே இறங்கி இளங் கதிரைத் தேடும். தோட்டத்தில் பாதிச் செடி ஆண் பூவைக் காட்டும்போது ஒரு தரம் எண்ணுங்கள். நூற்றுக்கு 10 செடியில் உயிருள்ள புழு இருந்தால் அன்று மாலையே அடித்துவிடுங்கள். முழுப் பயிர்க் காலத்திலும் ஒரே ஒரு தரந்தான் மருந்தடிக்க வசதி என்றால் இந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை வேளையில் தேனீ மகரந்தத்துக்கு வரும், அதனால் இதற்கு மாலைதான் ஒரே நேரம்.

பட்டு வந்த பிறகு

கதிர்ப் புழு வேறு சாதி. மிளகாய், தக்காளி, கச்சான் கொட்டை என்று எல்லாவற்றிலும் வாழும் காய்துளைப்பான்தான் அது. பக்கத்தில் தக்காளி முடிந்து காய்ந்துகொண்டிருந்தால் அந்து நேரே உங்கள் சோளனுக்கு வரும். இது முட்டையைக் குவியலாக இடாது. புதிய, ஈரமான பட்டுநூலில் ஒவ்வொன்றாக இடும். மூன்று நாள் அளவில் பொரித்த புழு பட்டின் வழியே நேராகக் கதிர் நுனிக்குள் போய்விடும். பட்டு காய்ந்து மண்ணிறமானதும் அந்துவுக்கு அதில் விருப்பம் குறையும். ஆகவே ஆபத்தான காலம் பட்டு எட்டிப்பார்த்த நாளிலிருந்து ஒரு கிழமை, பத்து நாள். அந்த நாட்களில் மருந்தடிப்பதென்றால் முனையைக் குருத்தில் பிடிக்காமல், கதிர் நிற்கும் நடுப்பகுதிக்கு இறக்கி, இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டு நனையும்படி அடிக்க வேண்டும். அறுவடைக்கு மூன்று கிழமைகூட இல்லை என்பதால், மருந்து அடித்த பின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபலில் உள்ளதைப் பார்த்துவிட்டே போத்தலைத் திறவுங்கள். பச்சையாகக் கடித்துத் தின்னும் பிள்ளைகளுக்குப் போகும் கதிர் இது.

சிறு தோட்டத்துக்கு மருந்தில்லாத வழி ஒன்று உண்டு. பட்டு வெளியே வந்து ஐந்தாம் அல்லது ஆறாம் நாள், நுனி வாடத் தொடங்கியதும், சோயா எண்ணெய் அல்லது சோளன் எண்ணெய் அரை மில்லிலீற்றரை, ஊசி கழற்றிய ஊசிக் குழாயால் பட்டு கதிருக்குள் நுழையும் இடத்தில் விடுங்கள். எண்ணெய் புழுவை மூச்சடைக்கச் செய்யும். நாள் தவறக்கூடாது. மூன்றாம் நாளே விட்டால் மகரந்தம் சேராமல் நுனி மணி பிடிக்காது, பத்தாம் நாள் விட்டால் புழு ஏற்கெனவே உள்ளே. அதிகம் ஊற்றினாலும் நுனி கெடும்.

விதை வாங்கும்போதே தோல் நீண்டு, நுனியை இறுக்கிமூடும் வர்க்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நுனி திறந்த கதிர் எந்த மருந்தை அடித்தாலும் நட்டந்தான் தரும்.

மற்றவை

தண்டு துளைப்பான் இலையில் குறுக்கே ஒரே வரிசையாகத் துளைகள் விடும். சுருண்ட குருத்தை ஒரு தரம் துளைத்தது, விரிந்ததும் வரிசையாகத் தெரிகிறது. இளம் செடியில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். படைப்புழுவுக்குக் குருத்தில் விடும் மருந்து இதற்கும் போதும்.

அழுக்கணவன் ஆண் பூவில் மொய்த்து, இலையில் தேன் போல ஒட்டி, பிறகு கரி படிந்தது போல ஆக்கும். பொறிவண்டு இருந்தால் விட்டுவிடலாம். நீர் குறைந்த தோட்டத்தில்தான் இது எல்லை மீறும், முதலில் தண்ணீர் விடுங்கள். மிஞ்சினால் லீற்றருக்கு 5 கிராம் சவர்க்காரக் கரைசல்.

வெட்டுப்புழு முளைத்த நாற்றை இரவில் தரையோடு வெட்டிப் போடும். விழுந்த நாற்றைச் சுற்றி இரண்டு அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும். மயிலும் கிளியும் பன்றியும் யானையும் வேறு கதை, பூச்சி மருந்துக் கணக்கில் அவை வரா.

அடுத்தடுத்து விதைப்பவர்களுக்கு

வீதியோரக் கடைக்கு மாதம் முழுதும் கதிர் வேண்டும் என்பதால் இரண்டு கிழமைக்கு ஒரு பாத்தி விதைக்கிறார்கள். வியாபாரத்துக்குச் சரி, ஆனால் படைப்புழுவுக்கு இது ஏணி வைத்துக் கொடுப்பது போல. முதல் பாத்தியில் பிறந்த அந்து மூன்றாம் பாத்தியின் இளங்குருத்தில் முட்டையிடும், நாலாவது பாத்திக்கு வரும்போது புழு பலமடங்காகியிருக்கும். இதைக் குறைக்க, புதிய பாத்தியைக் காற்று வரும் பக்கமாக நகர்த்திக்கொண்டு போங்கள். சிறுபோகத்தில் கச்சான் தென்மேற்கிலிருந்து வருவதால் முதல் பாத்தியை வடகிழக்கு மூலையில் தொடங்குங்கள். பெரும்போகத்தில் வாடை வடகிழக்கிலிருந்து என்பதால் தென்மேற்கு மூலையில். தொடர்ந்து மூன்று பாத்திக்குப் பிறகு ஒரு மாதம் சோளனை நிறுத்தி, அந்த இடத்தில் பயறு, கௌபி போடுங்கள்.

பெரும்போகத்தில் மழை விழுந்ததும் அயலாரோடு சேர்ந்து ஒரே கிழமையில் விதைப்பது நல்லது. பிந்தி விதைத்த ஒற்றைத் தோட்டத்துக்குத்தான் ஊரிலுள்ள அந்தெல்லாம் வந்து சேரும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் நெல் அறுத்த வயலில் சிறுபோகச் சோளன் விதைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. மாதக் கணக்கில் நீர் நின்ற மண்ணில் கூட்டுப்புழு மிஞ்சாது. மேட்டுக் காணிக்காரர் விதைப்புக்கு இரண்டு கிழமை முன்பே 15 சென்ரிமீற்றர் ஆழம் உழுது மண்ணைப் புரட்டிவிடுங்கள். மீதியை வெயிலும் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

கடைசிக் கதிர் ஒடித்த அன்றோ மறுநாளோ தட்டையை அடியோடு வெட்டிவிடுங்கள். நிற்கும் தட்டையிலும் விட்டுப்போன சிறு கதிரிலும் புழு வளர்ந்துகொண்டே இருக்கும். மாட்டுக்குக் கொடுப்பதென்றால் கடைசியாக மருந்தடித்த திகதியைக் கொப்பியில் பார்த்து, லேபலில் சொன்ன நாட்கள் கழிந்த பிறகே கொடுங்கள். மாடில்லாதவர்கள் நறுக்கி மண்ணில் புதைத்து உழலாம்.